அலமாரிக்குள் ஒரு சூரியன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கஞ்சா குடிக்கிறவன் அல்ல. குடிக்கச் சொல்லி யாருக்கும் சிபாரிசு செய்கிறவனும் அல்ல. இந்தப் பிரமாணம் அவசியமா என்று கேட்பீர்கள். அவசியம்தான். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் ஒரு விஷயத்தைப் பற்றி எழுதினால் அவன் அந்த விஷயத்தில் விழுந்து புரண்டவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கொலையைப் பற்றி எழுதுகிறவனுக்கு மட்டும் விலக்கு. என்ன காரணமோ, அந்த ஒரு குற்றத்தில் எழுத்தாளனை யாரும் சந்தேகிப்பதில்லை!

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெரிய நகரத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு அறை உள்ள வீடு. நண்பரின் மகனுக்கு இருபத்து மூன்று வயது. படித்தவன், வேலையில் இருப்பவன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவன். என் கதைகளையும் படித்திருக்கிறான். அந்த உரிமையில்தானோ என்னவோ, "மாமா, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன், வாங்க" என்று தன் அறைக்கு அழைத்துப் போனான். கதவைத் தாழிட்டான். துணி வைக்கிற அலமாரியைத் திறந்தான்.

உள்ளே துணி இல்லை, சூரியன் இருந்தது! கண்ணைக் கூசச் செய்யும் வெள்ளை விளக்கு ஒன்று மேல் தட்டிலிருந்து தொங்கியது. கைக்கடக்கமான ஒரு விசிறி சுழன்று கொண்டிருந்தது. வாசனை வெளியேறாமல் இருக்கக் கரி நிரப்பிய வடிகட்டி ஒன்று. கீழே இரண்டு துணித் தொட்டிகள். அவற்றில் முழங்கால் உயரத்தில் இரண்டு செடிகள். விரல் விரித்த கைகளைப் போன்ற அந்த இலைகளை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

நான் திடுக்கிட்டுப் போனேன். ஆனால் அவனோ தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் மூக்கருகே நீட்டினான். "மோந்து பாருங்க மாமா. ஒரு சொட்டு கெமிக்கல் கிடையாது. மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, தென்னை நார்க் கழிவு. மண்ணுக்கே உயிர் இருக்கு. முழுக்க முழுக்க ஆர்கானிக்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகம் வாடியது. ஒரு குற்றத்தைச் செய்து காட்டுகிறவனின் முகம் அல்ல அது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு செடியைத் தானே வளர்த்துக் காட்டிய பிள்ளையின் முகம். நான் ஏன் சிரித்தேன் என்று அன்று அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவனுக்கு மட்டுமல்ல, அவனை அந்த அலமாரிக்குள் கொண்டுபோய் நிறுத்தினவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

தம்பி, கஞ்சா என்பது ஒரு களை. இமயமலை அடிவாரத்தில் அது சாலையோரத்திலும் சாக்கடை ஓரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கிறது. அதற்கு ஒருவரும் மண்புழு உரம் வைக்கவில்லை. வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது, அது வளர்கிறது. பகல் குறுகி இரவு நீளுகிற பருவம் வந்தால் பூக்கிறது. அதன் சாஸ்திரம் அவ்வளவுதான்.

நீ அதை என்ன செய்திருக்கிறாய்? அதனிடமிருந்து வெயிலைப் பிடுங்கிக்கொண்டாய், காற்றைப் பிடுங்கிக்கொண்டாய், பருவத்தையும் பிடுங்கிக்கொண்டாய். ஒரு ஸ்விட்சினால் அதற்குப் பதினெட்டு மணி நேரப் பகலைக் கொடுக்கிறாய். அது பூக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிற நாளில் பகலைப் பன்னிரண்டு மணியாகக் குறைத்து, அதற்குப் பொய்யாக ஓர் ஐப்பசி மாதத்தைக் காட்டுகிறாய். பகலும் பொய், இரவும் பொய், காற்றும் பொய். மண் மட்டும் இயற்கையாம்! காட்டு யானையைக் கொண்டுவந்து குளியலறையில் கட்டிப் போட்டுவிட்டு, 'நான் இதற்குப் பசும்புல்தான் போடுகிறேன்' என்று பெருமை அடித்துக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன். அமெரிக்காவில் ஈவன் மில்ஸ் என்ற விஞ்ஞானி 2012-ல் ஒரு கணக்குப் போட்டார். அந்த நாட்டில் கட்டடங்களுக்குள் கஞ்சா வளர்க்கச் செலவாகும் மின்சாரம், நாட்டின் மொத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு இருக்கும் என்றார். 2021-ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டார்கள். கட்டடத்துக்குள் வளர்த்த கஞ்சாவின் காய்ந்த பூ ஒரு கிலோவுக்கு, ஊரைப் பொறுத்து, 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான புகை வெளியாகிறது என்பது அவர்கள் கண்டது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியாவது ஏறக்குறைய 2.3 கிலோ. அப்படியானால் ஒரு கிலோ பூவுக்கு ஆயிரம் லிட்டரிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் லிட்டர் வரை பெட்ரோலைக் கொளுத்துவதற்குச் சமம்! அது பெரிய கிடங்குகளின் கணக்கு என்பாய். உண்மைதான். உன் அலமாரியின் கணக்கு மிகச் சிறியது. ஆனால் கிடங்குக்கும் அலமாரிக்கும் தத்துவம் ஒன்றுதான்: இலவசமாகக் கிடைக்கும் சூரியனுக்குக் கதவைச் சாத்திவிட்டு, நிலக்கரியை எரித்து ஒரு சூரியனைச் செய்வது.

சரி, அந்த மண்ணாவது யோக்கியமானதா? மேல்நாட்டில் இந்த 'உயிர் மண்' வித்தைக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கு விற்கிறார்கள். அதில் பெரும் பகுதி, கனடாவின் சதுப்பு நிலங்களிலிருந்து வெட்டி எடுக்கிற பாசிக் கரி. அது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் சேர்கிறது. ஒரு முழ ஆழம் வெட்டினால் நானூறு ஐந்நூறு ஆண்டுகள் போயிற்று. மண்ணை இலகுவாக்க அதில் கலக்கிற பெர்லைட் என்ற வெள்ளை மணிகள், எரிமலைக் கண்ணாடிக் கல்லைத் தொள்ளாயிரம் டிகிரி அளவுக்குக் காய்ச்சிப் பொரியவைத்தது. வேப்பம் பிண்ணாக்கும் புங்கம் பிண்ணாக்கும் நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போகின்றன.

தென்னை நார்க் கழிவோ நம் பொள்ளாச்சிச் சரக்கு. ஒரு காலத்தில் கயிற்று ஆலைகளின் ஓரத்தில் தீண்டுவாரற்றுக் குன்று குன்றாய்க் குவிந்து கிடந்த குப்பை அது. இன்று கட்டியாக அழுத்தப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் அந்நியச் செலாவணி சம்பாதிக்கிறது. நல்லதுதான். ஆனால் அதில் ஏறியிருக்கும் உப்பைக் கழுவித்தான் அனுப்ப வேண்டும். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? தங்கள் கிணற்று நீர் கெடுகிறதென்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள் புகார் சொல்லியிருக்கிறார்கள். எங்கேயோ ஓர் அறையில் ஒருவன் 'ஆர்கானிக்' என்று பெருமைப்பட இங்கே ஒரு கிணறு சிவக்கிறது.

ஆகவே, தம்பி, அந்த வார்த்தையைச் சற்று மரியாதையோடு பயன்படுத்து. இன்றைக்குச் சோப்பும் பிஸ்கோத்தும் தலைச்சாயமும் அந்த நெற்றிப் பட்டத்தை ஒட்டிக்கொண்டு வருகின்றன. இயற்கை என்பது கடையில் மூட்டையாக வாங்கும் சரக்கல்ல. அது ஓர் உறவு. வெயிலுக்கும் மண்ணுக்கும் மழைக்கும் பருவத்துக்கும் உள்ள உறவு. அதில் மூன்றை அறுத்துவிட்டு மிஞ்சிய ஒன்றுக்குப் பூஜை செய்வது பக்தி அல்ல, பாசாங்கு.

நிற்க. அவனைத் திட்டியாயிற்று. அவன் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டால் என்னால் வாய் திறக்க முடியாது. "மொட்டை மாடியிலே வச்சா வெயில் இருக்கு மாமா. வச்சா என் கதி என்ன ஆகும்?"

அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியை நான் பார்த்தேன். அவன் அறைக்கு இரண்டே மாடி மேலே. அங்கே உடைந்த பிளாஸ்டிக் வாளியில் அவன் தாயார் வைத்த கறிவேப்பிலையும் துளசியும் யாருடைய தயவுமின்றி வெயிலில் செழித்து நின்றன. ஒரு விளக்கு இல்லை, ஒரு விசிறி இல்லை, பத்துப் பைசா மின்சாரம் இல்லை. அலமாரியை அவனுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது அவனுடைய மூளை அல்ல. சட்டம்!

உலகத்திலும் அப்படியேதான் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் மலைகளில் வெயிலில் வளர்ந்து கொண்டிருந்த செடியைப் பிடுங்க 1983-ல் ஹெலிகாப்டர்களோடு ஒரு படையெடுப்பைத் தொடங்கினார்கள். செடி ஒழிந்ததா? மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டது. இடம் குறுகினால் என்ன ஆகும்? குறைந்த இடத்தில் அதிகப் போதை தரும் சாதியைத்தான் தேடுவான் மனிதன். அமெரிக்கப் போலீஸ் பிடித்த கஞ்சாவில் போதைச் சத்து 1995-ல் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு; 2014-ல் ஏறக்குறைய பன்னிரண்டு. இதற்கு முன்னும் அந்த நாடு இதே பாடத்தைப் படித்தது. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்தபோது, ஒளித்துக் கடத்துவதற்குப் பீரை விடக் கடும் சாராயம்தான் தோதுப்பட்டது. தடை விதிக்கிறவன் எப்போதும் ஒரு பொருளைத் தடுப்பதாகத்தான் நினைக்கிறான். அவன் தடுப்பது அதன் சாதுவான வடிவத்தை. வளர்ப்பது அதன் கொடிய வடிவத்தை.

நம் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கையானது. 1893-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இந்தியாவின் கஞ்சாவைப் பற்றிக் கேள்வி எழுந்து, ஒரு கமிஷன் போட்டார்கள். ஏழு அங்கத்தினர்கள், அவர்களில் மூவர் இந்தியர். அந்தக் கமிஷன் ஊர் ஊராகச் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-ல் மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் ஓர் அறிக்கை கொடுத்தது. அளவோடு பயன்படுத்துகிறவர்களுக்கு இதனால் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு, முழுத் தடை அவசியமும் இல்லை, உசிதமும் இல்லை என்பது அதன் சாரம். வரி போடுங்கள், கட்டுப்படுத்துங்கள், ஒழிக்கக் கிளம்பாதீர்கள் என்றது. வெள்ளைக்காரன் வருமானத்துக்காகச் சொன்னான் என்று வைத்துக்கொண்டாலும், சொல்வதற்கு முன்னால் விசாரித்தான்.

நாம் எப்படிச் செய்தோம்? 1961-ல் ஓர் உலக ஒப்பந்தம் வந்தது. அதற்கு இசைந்து 1985-ல் போதைப்பொருள் சட்டம் இயற்றினோம். அந்த ஆண்டு நவம்பர் 14-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தை நான் வரி வரியாகப் படித்தேன். கதை எழுதுகிறவனுக்கு அதில் நல்ல தீனி இருக்கிறது. கஞ்சா என்றால் செடியின் பூ, காய் பிடித்த நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா அல்ல! அதாவது இலை உத்தமன், பூ குற்றவாளி. அதனால்தான் ஜெய்சல்மேரில் அரசாங்க அனுமதி பெற்ற கடை என்று பலகை மாட்டி, இலையை அரைத்துப் பாங்கு விற்கிறார்கள். காசிக்குப் போகிறவர்கள் பக்தியோடு குடித்துவிட்டு வருகிறார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்: ஒருவனுக்குக் கடை, ஒருவனுக்குச் சிறை.

இன்னும் கேளுங்கள். அதே சட்டத்தின்படி ஒரு கிலோ வரையிலான கஞ்சா 'சிறிய அளவு'. அதை வைத்திருந்து பிடிபட்டவனுக்கு அதிகபட்சம் ஓராண்டுத் தண்டனை. ஆனால் கஞ்சாச் செடி வளர்ப்பவனுக்கோ அதிகபட்சம் பத்தாண்டுக் கடுங்காவல். அபராதம் ஒரு லட்சம் வரை. ஒரு செடியா, ஓர் ஏக்கரா என்ற பேதம் அந்தப் பிரிவில் இல்லை. ஆக, கடத்தல்காரனிடம் முக்கால் கிலோ வாங்கி வைத்திருப்பவனை விட, அவனிடம் போகாமல் தொட்டியில் ஒரு செடி வைத்தவன் பெரிய குற்றவாளி! கடத்தல்காரர்கள் எல்லோரும் கூடி ஒரு சட்டம் எழுதியிருந்தால்கூடத் தங்களுக்கு இவ்வளவு சாதகமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சட்டம் அமலில் இருக்கிற நம் தமிழ்நாட்டில், 2003 முதல் சாராயச் சில்லறைக் கடையை நடத்துவது யார்? அரசாங்கம். அதனால் கஜானாவுக்கு வருவது ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். எத்தனை தாலிகள் அந்தக் கல்லாவில் விழுகின்றன என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? ஒரு கையால் புட்டியை நீட்டிக்கொண்டே இன்னொரு கையால் தொட்டிச் செடிக்காரனின் சட்டையைப் பிடிக்கிறவர்களுக்கு ஒழுக்கத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

"அப்படியானால் வீட்டுக்கு வீடு கஞ்சாத் தோட்டம் போடச் சொல்கிறீரா?" என்று ஒரு வாசகர் கோபமாக எழுதப் போகிறார். இல்லை, ஐயா. இந்தச் செடிக்கு நான் நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கவில்லை. 2019-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆராய்ச்சி, போதைச் சத்து மிகுந்த கஞ்சாவைத் தினந்தோறும் பயன்படுத்துகிறவர்களுக்குச் சித்தபிரமை தோன்றும் வாய்ப்பு, அதைத் தொடாதவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. சிறுவயதில் பழகினால் கேடு அதிகம் என்பதை வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள். முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஆபத்தான பொருள் என்பதற்காகத்தானே சொல்கிறேன், அதை இருட்டில் விடாதீர்கள் என்று! விஷப் புட்டியை வெளிச்சமான அலமாரியில் சீட்டு ஒட்டி வைப்பது புத்திசாலித்தனமா, இருட்டறையில் உருட்டி விடுவது புத்திசாலித்தனமா?

மற்ற நாடுகள் யோசித்திருக்கின்றன. உருகுவே 2013-ல் வீட்டில் ஆறு செடிவரை அனுமதித்துச் சட்டம் செய்தது. கனடா 2018-ல் வீட்டுக்கு நான்கு செடி என்றது. அதே 2018-ல், வயது வந்த ஒருவன் தன் சொந்தத் தேவைக்குத் தன் வீட்டுக்குள் வளர்ப்பதைக் குற்றமாக்குவது அவனுடைய அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் தேதி ஆளுக்கு மூன்று செடி என்ற சட்டம் வந்தது. நம் இந்தியாவே 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் சபையில், மிகக் கொடிய போதைப்பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்துவிடலாம் என்று வாக்களித்தது. 27-க்கு 25 என்று அந்தத் தீர்மானம் நிறைவேறியபோது நம்முடைய வாக்கும் அந்த 27-ல் ஒன்று. வெளியூரில் ஒரு வாக்கு, உள்ளூரில் பத்தாண்டு!

நான் கேட்பது அதிகம் இல்லை. அந்த நாடுகளைப் பார்த்து நாளைக்கே காப்பியடிக்கச் சொல்லவில்லை. ஒன்றிரண்டு செடி வளர்த்தவனைச் சிறைக்கு அனுப்பாதீர்கள்; அபராதம் போடுங்கள்; மிஞ்சினால் வைத்தியரிடம் அனுப்புங்கள். அந்தப் பத்தாண்டை வியாபாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்வதற்கு ஏன் இவ்வளவு பேர் பயப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நான் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது அவன் தாயார் காப்பி கொண்டுவந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, அந்த அலமாரியிலே என்னதான் வச்சிருக்கான்? கரண்ட் பில் ஏறிக்கிட்டே போகுது. கேட்டா சிரிக்கிறான். உங்ககிட்டே காட்டினானே, என்ன அது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ செடி ஆராய்ச்சிம்மா. படிச்ச பிள்ளைதானே, பயப்படாதே" என்றேன். பொய்! இருபது வருஷமாக உண்மை உண்மை என்று எழுதிச் சம்பாதித்தவன், பெற்றவளின் முகத்தைப் பார்த்துக் கூசாமல் பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அவள் பதறுவாள். தகப்பனார் கத்துவார். சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பிறகு காக்கிச் சட்டை, கோர்ட், பத்திரிகையில் படம், வேலை போச்சு, வாழ்க்கை போச்சு. பத்தாண்டு என்ற அந்த எண், தாய்க்கும் எனக்கும் நடுவே நின்றுகொண்டு என் வாயை அடைத்தது. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால், "அம்மா, உன் பிள்ளை ஒரு கெட்ட பழக்கத்தில் இருக்கிறான், உட்கார வைத்துப் பேசுவோம், வா" என்று அங்கேயே சொல்லியிருப்பேன். ஒரு குடும்பம் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயத்தை ஊமை நாடகமாக்கியதுதான் இந்தச் சட்டம் செய்த கைங்கரியம்.

போன மாதம் அவன் தொலைபேசியில் அழைத்தான். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன் மாமா" என்றான். எனக்குச் சந்தோஷம். ஏன் என்று கேட்டேன். வேறு ஏதோ விசாரணைக்காகப் பக்கத்து வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டியதாம். அன்று இரவெல்லாம் தூக்கமில்லையாம். விடிவதற்குள் செடிகளை வெட்டிக் குப்பையில் சேர்த்துவிட்டானாம். அந்த மண்ணை மாடிக்குக் கொண்டுபோய்க் கொட்ட, அவன் தாயார் அதில் பச்சை மிளகாய் விதை போட்டிருக்கிறாள். நன்றாக வருகிறதாம்.

சட்டத்தின் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டு, "பார்த்தீரா, பயம் வேலை செய்கிறது!" என்று மார்தட்டலாம். தட்டிக்கொள்ளுங்கள். பயத்தினால் விட்டவன் பயம் தெளிந்த அன்று திரும்புவான். அப்போது இன்னும் சின்ன அலமாரியாக, இன்னும் கனமான பூட்டாகப் பார்த்து வாங்குவான். அன்றைக்கும் நான் அந்தத் தாயிடம் பொய்தான் சொல்ல வேண்டுமா? இதற்கு மட்டும் யாராவது பதில் எழுதுங்கள்.